வீட்டில் ஒருவர் கிட்னி தர முன்வந்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டயாலிசிஸ் ஆரம்பித்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். யாராவது ஒருவர் "நான் தர்றேன்" என்கிறார். உடனே அவரைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கோ வேலூருக்கோ கிளம்புகிறார்கள். ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்துப் பணத்தைக் கரைத்த பிறகு கிராஸ் மேட்ச்சில், அதாவது இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனையில், நின்றுவிடுகிறது. அதிலும் தப்பித்தவர்களுக்கு, ஆபரேஷன் தேதி கொடுக்கும் நேரத்தில் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று பேப்பரில் சிக்கல் வருகிறது.

இரண்டையும் தவிர்க்க வழி உண்டு. மலிவான சோதனையை முதலில் செய்யுங்கள், விலை கூடியதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பேப்பர் வேலையை மேட்ச் ரிசல்ட்டுக்காக நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

1. யார் தரலாம் என்று சட்டப்படி பட்டியல் போடுங்கள்

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011-ல் திருத்தப்பட்டது. அதன்படி நெருங்கிய உறவு என்றால் கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. இவ்வளவுதான். கொடுப்பவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

தாய்மாமன், சித்தப்பா, அத்தை, பெரியம்மா மகன், மச்சான், மருமகள், மருமகன் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. சீர் வரிசையில் தாய்மாமன்தான் முதல் ஆள், ஆனால் கிட்னி விஷயத்தில் சட்டத்துக்கு அவர் வெளியாள். அவர் தரவே கூடாது என்று அர்த்தமில்லை. பாசத்தின் பேரில் தருகிறார் என்று, உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு முன் நிரூபிக்க வேண்டும், அதற்குக் காலமும் பேப்பரும் அதிகம். அதனால் நெருங்கிய உறவுகள் அத்தனை பேரையும் பார்த்து முடித்த பிறகே அந்தப் பக்கம் போங்கள். அக்கா மகளைக் கட்டியவர்களுக்குக் குழப்பமே வேண்டாம்: கணவன் மனைவி என்ற உறவே போதும், கணவன் மனைவிக்கான படிவத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஒரே ஆளோடு பட்டியலை முடிக்காதீர்கள். குறைந்தது மூன்று பேராவது இருக்கட்டும். முதல் ஆள் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் கழியலாம்.

2. ரத்த குரூப்பை ஊரிலேயே முடித்துவிடுங்கள்

பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்து லேபிலோ குரூப் பார்த்துவிடலாம். கூடவே சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), யூரின் ரொட்டீன், வயிற்று ஸ்கேன். பிற்பாடு கழியப் போகிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே தெரிந்துவிடுவார்கள்.

நோயாளி ஓ குரூப் என்றால் ஓ குரூப்காரர் மட்டும்தான் தரலாம். ஏ என்றால் ஏ அல்லது ஓ. பி என்றால் பி அல்லது ஓ. ஏபி என்றால் யாரிடமிருந்தும் வாங்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கிட்னிக்குப் பொருட்டில்லை. "அவர் நெகட்டிவ்" என்று சொல்லி நல்ல டோனரை ஒதுக்கி வைத்த குடும்பங்கள் உண்டு.

நோயாளிக்குக் கட்டி கட்டியாகத் தண்ணீர் கோத்திருக்கும் பரம்பரை கிட்னி நோய் என்றால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே நோய் இருக்கிறதா என்று ஸ்கேனில் முதலில் பாருங்கள். இளவயதுக்காரர்களுக்கு ஸ்கேன் மட்டும் போதாது, மரபணுச் சோதனையும் கேட்பார்கள்.

3. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் மாற்று அறுவை சிகிச்சை என்று வந்தால் வெளியூர்தான். அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பது சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தர்மபுரியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி. வேலூர் சிஎம்சிக்குப் போக மொரப்பூரில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்கு பெங்களூர் பக்கம்.

பெங்களூர் கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவு செய்யாதீர்கள். நம் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில், இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று முதல் நாளே கேளுங்கள். தமிழில் உள்ள சான்றுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள். நெருங்கிய உறவு இல்லாதவர் கொடுப்பதாக இருந்து, கொடுப்பவரோ பெறுபவரோ வேறு மாநிலத்தவராக இருந்தால், உறுப்பு மாற்று 2014 விதிகளின்படி தாசில்தாரிடம் இருப்பிடச் சரிபார்ப்பு படிவம் 20-ல் வாங்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் போகிறவருக்கும் இது பொருந்தும்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ ஒவ்வொரு தடவையும் போய்வர முடியாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுக்கும் வாடகையையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

4. மேட்ச் என்பது மூன்று வேறு விஷயம்

"மேட்ச் ஆகலையாம்" என்று யாராவது சொன்னால் எது ஆகவில்லை என்று கேளுங்கள். ரத்த குரூப்பா, எச்எல்ஏவா, கிராஸ் மேட்ச்சா? மூன்றுக்கும் அடுத்த வழி வேறு வேறு.

எச்எல்ஏ என்பது செல்களின் மேல் இருக்கும் அடையாளம். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வரும். அதனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதி ஒத்துப்போகும். உடன்பிறந்தவர்களில் ஒருவர் முழுதாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக நான்கில் இரண்டு, சுத்தமாக ஒத்துப்போகாமல் இருக்க நான்கில் ஒன்று. கணவன் மனைவிக்குள் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஆனாலும் மனைவி கொடுத்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது, காரணம் இன்றைய மருந்துகள். எச்எல்ஏ குறைவாக ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் யாரும் மனம் உடைய வேண்டியதில்லை.

உண்மையில் கதவைச் சாத்துவது கிராஸ் மேட்ச். நோயாளியின் ரத்த நீரையும் கொடுப்பவரின் வெள்ளை அணுக்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நோயாளியின் உடம்பில் அந்த அணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) ஏற்கெனவே இருந்தால் அணுக்கள் செத்துவிடும், அதுதான் பாசிட்டிவ். இங்கே பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி. அப்படியே கிட்னியை வைத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே கருத்துப்போகவும் கூடும். சிடிசி, ஃப்ளோ என்று இரண்டு வகை உண்டு, ஃப்ளோ இன்னும் நுணுக்கமானது. லூமினெக்ஸ் என்ற முறையில் டிஎஸ்ஏ, அதாவது கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடி, பார்த்தால் எந்த ஆன்டிபாடி, எவ்வளவு என்றே சொல்லிவிடுவார்கள்.

இந்த ஆன்டிபாடி வருவதற்கு மூன்று வழி: ரத்தம் ஏற்றியது, பிரசவம், முன்பே நடந்த உறுப்பு மாற்று. இரண்டாவதைக் கவனியுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பில் கணவரின் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். அதனால் நோயாளி மனைவியாக இருந்து, கணவரோ பெற்ற பிள்ளையோ கொடுப்பதாக இருந்தால் கிராஸ் மேட்ச்சை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சிடி ஆஞ்சியோ அப்புறம் இருக்கட்டும்.

முதலாவது நம் கையில் இருக்கிறது. டயாலிசிஸில் ஹீமோகுளோபின் இறங்கினால் "ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்பார்கள். உயிருக்கு அவசரம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். மற்ற நேரத்தில் ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி போட்டுச் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். டயாலிசிஸ் அறையில் இருப்பவர்களிடம் "இவருக்கு டிரான்ஸ்பிளான்ட் பார்த்துட்டு இருக்கோம்" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். ஏற்றியே தீர வேண்டுமென்றால் வெள்ளை அணு நீக்கிய ரத்தம் கேளுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன் எடுத்த கிராஸ் மேட்ச் ரிப்போர்ட்டை நம்பி யாரும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன் புது ரத்தத்தில் மறுபடி பார்ப்பார்கள். இடையில் ரத்தம் ஏற்றியதை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

5. கொடுப்பவரின் உடம்பு

கிராஸ் மேட்ச் நெகட்டிவ் ஆன பிறகு இந்தச் சோதனைகள் தொடங்குவது நல்லது. 24 மணி நேர யூரினில் புரதம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, இசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, டிடிபிஏ ஸ்கேன், சிடி ஆஞ்சியோகிராம், மனநல மருத்துவர் சந்திப்பு. பெண்களுக்கு மகளிர் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

24 மணி நேர யூரினில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனில் சேர வேண்டும், மறுநாள் காலை போகிற முதல் சிறுநீரையும் சேர்த்து. நடுவில் ஒரு தடவை பாத்ரூமில் விட்டுவிட்டால் கணக்கு தப்பும். ஆஞ்சியோ, டிடிபிஏ இருக்கும் வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

டிடிபிஏ ஒவ்வொரு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும். இரண்டில் நன்றாக வேலை செய்வது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் சமம் என்றால் பெரும்பாலும் இடது பக்கத்தை எடுப்பார்கள், அதன் ரத்தக்குழாய் நீளம் என்பதால் தைக்கச் சுலபம். சிடி ஆஞ்சியோவில் குழாய்கள் எத்தனை என்று தெரியும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களில் ஃபுளோரைடு தண்ணீரால் மூட்டுவலி சாதாரணம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் சாதாரணம். அந்த மாத்திரைகள் கிரியாட்டினினை ஏற்றும், யூரினில் புரதம் காட்டும். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த மருந்துகளும் அப்படித்தான். கொடுப்பவர் எதைச் சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தால் சில நேரம் ரிசல்ட் மாறும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பிரஷருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரை சாப்பிடுபவர்களையும் அப்படியே. இனிமேல் குழந்தை பெற நினைக்கும் பெண் கொடுத்தால், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கூடும். அதைப் புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டிலும் மறைக்காமல் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கொடுப்பவர் டாக்டரைத் தனியாகச் சந்திக்க ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். மனதுக்குள் பயம் இருந்தால் அங்கே சொல்லலாம். "உடல் தகுதி இல்லை" என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி டாக்டர்கள் விலக்கிவிடுவார்கள், உறவு கெடாது. எப்போதும் அக்கா தங்கையையும் மனைவியையும் அம்மாவையும் மட்டுமே முன்னால் தள்ளும் வீடுகள் இதை இரண்டு தடவை படியுங்கள். பெண் கொடுக்கும்போது அவர் சுயமாகச் சம்மதிக்கிறாரா என்பதை நோயாளி அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது.

6. பேப்பர்: இங்கேதான் மாதங்கள் போகும்

முதலில் எல்லோருடைய ஆதார், வாக்காளர் அட்டை, பான், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பள்ளி டிசி எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்புங்கள். பெயர், இன்ஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கையும் ஒப்பிடுங்கள். ஆதாரில் "முனியம்மாள்", ரேஷன் கார்டில் "முனியம்மா", வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் இன்ஷியல். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னட வீடுகளில் ஒரே பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். குப்பத்திலிருந்தோ ஆனேக்கல்லிலிருந்தோ கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் பழைய பேப்பர்கள் வேறு மாநிலத்தில் கிடக்கும்.

ஆதாரைத் திருத்திவிட்டு மற்றவற்றை அதற்கு ஒப்பாக மாற்றுங்கள். திருத்த முடியாத பழைய சான்றுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரி அபிடவிட். மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் வாசகம் கேட்டுக்கொண்டு எழுதினால் மறுபடி எழுத வேண்டியிருக்காது.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் இருவருடைய சான்றிலும் அப்பா அம்மா பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறப்பே பதியவில்லை என்றால் தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்டம், உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று பாருங்கள். இதற்கு நாளாகும் என்பதால் கூடவே பள்ளி டிசியையும் தாசில்தாரின் உறவுமுறைச் சான்றையும் முயலுங்கள். விதிப்படி தாசில்தார் தரும் உறவுச் சான்றையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

கணவன் மனைவிக்குத் திருமணச் சான்று, திருமண போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். ஆபரேஷனுக்காகவே நேற்று பதிந்தது என்று சந்தேகம் வராமல் இருக்க, பழைய போட்டோ, பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

படிவங்கள் மருத்துவமனையிலேயே கிடைக்கும். நெருங்கிய உறவின் சம்மதம் படிவம் 1, கணவன் மனைவி படிவம் 2, மற்றவர்கள் படிவம் 3, இருவரும் சேர்ந்து தரும் விண்ணப்பம் படிவம் 11. பேப்பரில் உறவு உறுதியாகாவிட்டால் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பலாம். எல்லாவற்றிலும் மூன்று செட் நகல், ஒரிஜினல் தனி கவரில்.

7. அனுமதிக் கூட்டம்

நெருங்கிய உறவு என்றால் மருத்துவமனையிலேயே உள்ள தகுதிபெற்ற அதிகாரி பார்த்து முடிப்பார். மற்றவர்கள் அங்கீகாரக் குழு முன் போக வேண்டும். பேட்டியை வீடியோ எடுப்பார்கள். எப்படிப் பழக்கம், ஏன் தருகிறீர்கள், ஒன்றாக இருந்த பழைய போட்டோ எங்கே, இருவருக்கும் கடந்த மூன்று வருட வருமானம் என்ன, இடையில் தரகர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். கொடுப்பவரின் வீட்டாரையும் தனியாக விசாரிப்பார்கள். ஒப்பித்த மாதிரி பதில் சொன்னால் சந்தேகம் கூடும், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னியைத் தரகர்கள் விலைபேசிய விவகாரம் வெடித்தது. நியாயமாக வருகிறவர்களையும் குழுக்கள் துருவிக் கேட்கும், அதில் தப்பில்லை. டயாலிசிஸ் அறை வாசலில் "ஆள் இருக்கு, பேப்பர் நாங்க பார்த்துக்குறோம்" என்று யாராவது வந்தால் விலகுங்கள். உறுப்பை விற்றாலும் வாங்கினாலும் 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

குழு மறுத்தால் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதனால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

8. பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை. நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. முன் அனுமதி வராமல் அட்மிட் ஆகாதீர்கள்.

தனியாரில் ஆபரேஷன் பேக்கேஜ் பெரும்பாலும் 6 லட்சத்துக்கு மேல்தான் தொடங்கும். அதில் கொடுப்பவரின் சோதனைகளும் கிராஸ் மேட்ச்சும் ஆரம்ப மருந்துகளும் சேர்ந்திருக்கிறதா என்று வரிக்கு வரி கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அதற்கு மேல் ஆயுள் முழுக்க மருந்து. முதல் வருடம் மாதம் 10,000 முதல் 20,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆபரேஷனுக்கு நிலத்தை விற்றுவிட்டு, எட்டாவது மாதம் மருந்துக்குக் காசில்லாமல் கிட்னியை இழப்பதுதான் இந்தப் பயணத்தில் நடக்கும் மோசமான விஷயம். மருந்தை அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ள முடியுமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே விசாரியுங்கள்.

பிரதமர் தேசிய நிவாரண நிதி கிட்னி மாற்றுக்கு உதவுகிறது. மருத்துவமனையின் எஸ்டிமேட்டோடு ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், செலவழித்த பிறகு கேட்டால் பயனில்லை. டயாலிசிஸுக்கும் மாற்று ஆபரேஷனுக்கும் போகும் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டில் 75 சதவீதச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றைக் காட்டி கவுன்டரில் எடுக்க வேண்டும். கொடுப்பவர் மத்திய அரசு ஊழியர் என்றால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு.

9. வீட்டில் யாருக்கும் ஒத்துவராவிட்டால்

குரூப் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, குரூப் மாறியே செய்வது. ஆன்டிபாடி அளவை, அதாவது டைட்டரை, பிளாஸ்மா மாற்றியும் ஊசி போட்டும் 1:8 அளவுக்கு இறக்கிய பிறகு ஆபரேஷன். செலவு சில லட்சம் கூடும், தொற்று பயமும் கூடும். டைட்டர் 1:512 என்பது போல மேலே இருந்தால் பல டாக்டர்கள் தயங்குவார்கள்.

இன்னொன்று பரிமாற்றம். உங்கள் வீட்டில் நோயாளி ஏ, கொடுப்பவர் பி. இன்னொரு வீட்டில் நோயாளி பி, கொடுப்பவர் ஏ. மாற்றிக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஒவ்வொரு கொடுப்பவரும் தன் நோயாளிக்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அங்கீகாரக் குழுவின் அனுமதியும் வேண்டும். நடுவில் யாரும் பின்வாங்காமல் இருக்க எல்லா ஆபரேஷனும் ஒரே நாளில் வைப்பார்கள். ஓ குரூப் நோயாளிக்கு ஜோடி கிடைப்பது கஷ்டம். கிராஸ் மேட்ச் பாசிட்டிவ் ஆன ஜோடிகளுக்கும் இந்த வழி உண்டு. ஜோடியை நீங்களே தேடாதீர்கள், மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில் பெயரைச் சேருங்கள்.

உயிருள்ள டோனர் தேடும்போதே, இறந்தவர்களின் உறுப்புக்கான தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலிலும் மருத்துவமனை மூலம் பதிந்துவிடுங்கள். டோனர் கழிந்த பிறகு பதிந்தால் அந்த மாதங்கள் வீண்.

10. தேதி கிடைத்த பிறகு

நோயாளிக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முடிந்ததா, பல்லில் சொத்தை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சளி, காய்ச்சல் வந்தால் தேதி தள்ளிப்போகும். மாதக் கடைசியில் அட்டையின் செல்லுபடியையும் முன் அனுமதியையும் மறுபடி சரிபாருங்கள்.

கொடுத்தவர் பெரும்பாலும் நான்கைந்து நாளில் வீடு திரும்புவார். ஆறு வாரத்துக்குக் கனமான எதுவும் தூக்கக் கூடாது. மாங்காய் கூடையும் தக்காளி பெட்டியும் தண்ணீர்க் குடமும் அதில் அடக்கம். மாங்காய் அறுப்பு நேரத்திலோ நடவு நேரத்திலோ தேதி வாங்கினால் அவர் சும்மா உட்கார மாட்டார், அதனால் வயல் வேலை ஓய்ந்த மாதமாகக் கேளுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த இரண்டு மாத வீட்டுச் செலவைப் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

நோயாளியை எல்லோரும் கவனிப்பார்கள், கொடுத்தவரை ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். அவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர், கிரியாட்டினின், யூரின் புரதம் பார்க்க வேண்டும், அதை ஊர் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று அவர் கையில் தனியாக இருக்கட்டும். எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டாலும், ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.